பீரோவுக்குள் அம்சவேணி

கதைக்குள் போக வேண்டிய எந்தப் பாத்திரமும் அதற்கு முன் ஒரு மாதம் ஏதாவதொரு தெருவில் வாடகைக்குக் குடியிருக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்குப் பதிவாளர் வந்து பாத்திரத்தைப் பீரோவுக்குள் விட்டுப் பூட்டுவார். மாலை ஐந்து மணிக்குள் தெருக்காரர் யாராவது தாமாக வந்து, ஆள் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்டால் பாத்திரம் தேறியது. கேட்காவிட்டால், திறக்கும்போது உள்ளே ஹேங்கர்கள் மட்டும் தொங்கும்.

இருதயராஜுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஹேங்கர்தான் மிஞ்சியது. முதலில் ஒரு டாக்டர், அடுத்து ஒரு லாரி டிரைவர். மூன்றாவது ஆளும் போனால் அவன் இனித் திரைக்கதை எழுத முடியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். அம்சவேணி இல்லாமல் போய்விடுவாளே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மூன்று வருடமாக அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் எழுதியவன்.

முப்பத்தோராம் நாள் காலை, பச்சை பீரோவை இரண்டு பேர் மூச்சு வாங்க அம்சவேணி குடியிருந்த மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பதிவாளர் வேங்கடபதியின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் 'அம்சவேணி, நர்ஸ், வயது 34' என்று எழுதினார். இரண்டாவதைக் காலியாக விட்டார். அம்சவேணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, டவுன் பஸ் ஏறுகிறவள் மாதிரி உள்ளே ஏறிக்கொண்டாள்.

"நீங்க யாரையும் கூப்பிடக் கூடாது. ஜன்னல் பக்கம் போகவும் கூடாது," என்று இருதயராஜிடம் சொன்னார் வேங்கடபதி.

"தெரியும் சார்."

இருதயராஜ் அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தான். அப்பாவைக் குடிகாரனாக்கினான். புருவத்தில் ஒரு தழும்பும், யாரிடமும் அதிர்ந்து பேசாத குணமும் கொடுத்தான். அவள் குடிவந்த முதல் வாரத்திலேயே தெருவே அவள் கதையைக் கேட்டு 'பாவம்' என்றது. சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. பாவப்பட்டவளைத் தேடி யாரும் மாடி ஏறுவதில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பன்னிரண்டு மணிக்கு இஸ்திரிக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். இருதயராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அவர் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, துணியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதுவரை பீரோவுக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுப்பாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குப் பிறகு அது நின்றது. மூன்று மணிக்குப் பதிவாளர் பீரோவைக் காலால் தள்ளினார். ஓர் அடி நகர்ந்தது. நாலு மணிக்கு ஒரு விரலால் தள்ளினார். சுவர் வரைக்கும் போனது.

"ரொம்ப லேசாயிட்டாங்க," என்றார்.

இருதயராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு படியில் ஈரக்கால் வைத்து யாரோ தடதடவென்று ஏறி வந்தார்கள். கீழ் வீட்டு மங்களேஸ்வரி.

"எங்க அவ?"

பதிவாளர் பேனா மூடியைக் கழற்றினார். "யாரும்மா?"

"அம்சவேணிதான், வேற யாரு? தினம் நான் மோட்டாரைப் போட்டுட்டு மறந்துடுவேன். அவ வந்து நிறுத்திட்டு, என்னை நாலு பேச்சும் பேசிட்டுப் போவா. இன்னைக்கு டேங்க் வழிஞ்சு ஊத்துது, ஆளைக் காணோம். நேத்து வேற சண்டையைப் பாதியில விட்டுட்டு மாடி ஏறிட்டா. அவ மாமியார் வைக்கிற மீன் குழம்பு முன்னாடி என்னுது நிக்காதாம். அதுக்கு ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு பதில் வச்சிருக்கேன். அதைச் சொல்லாம நான் இறங்க மாட்டேன்."

இருதயராஜ் மோட்டாரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. மாமியாரும் கிடையாது. கதைப்படி புருஷன் அநாதை.

பீரோவின் கால்கள் தரையில் பலமாக அழுந்தின. பதிவாளர் திறந்ததும் அம்சவேணி இறங்கினாள்.

"மோட்டாரை நிறுத்துனீங்களா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமாக்கா?"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே படி இறங்கினார்கள். அம்சவேணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருதயராஜுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

பதிவாளர் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, காலியாக இருந்த இரண்டாவதைக் காட்டினார். "அடுத்தது எழுதினவர். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

இருதயராஜ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறினான். கதவு பூட்டப்பட்டது.

அவனை யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு மாதமாக இந்தத் தெரு டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரையும் கவனித்தானே தவிர, ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலில் விரல்கள் லேசாயின. பிறகு முழங்கை. தன் மூச்சுச் சத்தம் தேய்ந்துகொண்டே போவது அவனுக்கே கேட்டது. பயத்தில் ஒரு ஹேங்கரைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே அம்சவேணியின் குரல் கேட்டது.

"சார், இங்க கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, அவர் எங்க?"

"என்ன விஷயம்?"

"என் மாமியார் பேர் என்னன்னு இந்த அக்கா கேக்குறாங்க. எனக்குத் தெரியலை. அவர்தான் சொல்லணும்."

பதிவாளர் சாவித் துவாரத்தில் வாயை வைத்தார். "அவங்களுக்கு வேண்டியது பேருதான். அதைச் சொல்லுங்க, திறக்கிறேன். ஒரு நிமிஷம்தான் இருக்கு."

இருதயராஜ் யோசித்தான். உலகத்தில் ஒரு பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

அவனுக்குப் பின்னால், ஹேங்கர்களை ஒதுக்கிக்கொண்டு ஒரு வயதான பெண் தொண்டையைச் செருமினாள்.

"அன்னபாக்கியம்னு சொல்லு. கீழ் வீட்டுக்காரி குழம்புல புளி பத்தாதுன்னும் சேர்த்துச் சொல்லு."

அவன் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு, அப்படியே சொன்னான்.