தீவன ஆலைக்குப் பின்னால் அசல் சாப்பாடு

உலக உணவு வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் அதில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சென்ற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு, புதுச்சத்திரத்தை ஒட்டிய ஒரு கோழித்தீவன ஆலையின் பின்சுவரோரம் அசல் ஒடியாச் சாப்பாடு கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் உயர்திரு நவநீதகிருஷ்ணன், லாரி உதிரிபாக வணிகர், நாமக்கல் அசல் சுவை ஆய்வுக் கழகத்தின் நிறுவனர் மற்றும் நிரந்தரத் தலைவர். அதே இடத்தில் பதினோரு வருஷமாகத் தினமும் எண்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் நடந்து வந்து சாப்பிட்டவர்கள். காரில் வந்து இறங்கியவர் கண்ணில் படும்வரை எதுவும் கண்டுபிடிக்கப்பட்டதாக ஆகாது.

கழகத்தில் முப்பத்தெட்டு உறுப்பினர்கள். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கார் கட்டிக்கொண்டு வேற்று மண்ணின் சாப்பாடு கிடைக்கும் ஏதாவது ஒரு கடைக்குப் போவார்கள். சமைப்பவர் அந்த மண்ணுக்காரராக இருக்க வேண்டும். அந்த மண்ணுக்காரர்களே அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. சாப்பிட்டதும் நவநீதகிருஷ்ணன் எழுந்து அந்த உணவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார். மற்ற முப்பத்தேழு பேரும் கேட்பார்கள். அவருடைய உதிரிபாகக் கடையில் இப்போதெல்லாம் மருமகன் சொல்வதுதான் நடக்கிறது. வீட்டில் என்றைக்குமே மனைவி மைதிலி சொல்வதுதான். வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடம் என்று அவருக்கு இருந்தது அந்தக் கழகம் ஒன்றுதான்.

அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் செந்தமிழன். பல் டாக்டர். கேள்வி கேட்பது அவருக்குத் தொழிலோடு வந்த பழக்கம். பிப்ரவரியில் கழகம் ஒரு காஷ்மீர் உணவகத்துக்குப் போனபோது அவர் சமையற்காரரைத் தனியே கூப்பிட்டு, "உங்க ஊருல பனி பெய்யுமுங்களா?" என்று கேட்டார். "மார்கழியில கொஞ்சம் பெய்யுமுங்க" என்றார் சமையற்காரர். விசாரித்ததில் ராசிபுரம். அதற்கு அடுத்து ஒரு தாய்லாந்துக் கடை. அங்கே வந்தது சர்க்கரை போட்ட புளிக்குழம்பு என்று செந்தமிழன் எல்லோர் முன்னாலும் நிரூபித்தார்.

"தலைவரே, அஞ்சாம் ஆண்டு நிறைவு வருது" என்றார் அன்றைக்கே, கையைக் கழுவிக்கொண்டே. "அன்னிக்கும் போலின்னா, நாற்காலிய நான் எடுத்துக்கறேனுங்க. ஓட்டுக்கே உடலாம்."

முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட "அதெல்லாம் வேண்டாங்க" என்று சொல்லவில்லை. அதுதான் நவநீதகிருஷ்ணனுக்கு உறைத்தது.

அவரை வெறும் பெருமைக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. நிஜமாகவே ஆசை உள்ள மனிதர். வெளியூர் போனால் சுற்றுலாக் கூட்டம் சாப்பிடும் ஓட்டலில் கால் வைக்க மாட்டார். லாரிக்காரர்கள் எங்கே வண்டியை நிறுத்துகிறார்களோ அங்கேதான் அந்த ஊரின் உண்மையான சாப்பாடு, விலையும் மலிவு என்பது அவர் வகுத்த விதி. விதியில் குறை இல்லை. அதை ஒரு நாமக்கல்காரர் வகுத்ததில்தான் குறை. குவாஹாட்டியில் மைதிலியை மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடத்திக் கூட்டிப்போய், பதினாலு லாரி நிற்கிற ஒரு கடையைப் பிடித்து உள்ளே நுழைந்தால், "வாங்கண்ணா, எந்த ஊருங்க?" என்றார் கல்லாவில் இருந்தவர். பரமத்திக்காரர். வெளியே நின்ற பதினாலும் நம்மூர் லாரி. இந்தூரில் இதே விதியைப் பின்பற்றிப் போனதில் கடைக்காரர் மோகனூர். மைதிலி இரண்டு இடத்திலும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "நான் வெக்கறதவிட நல்லாத்தான் வெச்சிருக்கறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் தீவன ஆலைக்குப் போனது பிரேக் லைனர் கொடுக்கத்தான். கொடுத்துவிட்டுக் காருக்குத் திரும்பும்போது மூக்கில் வந்து மோதியது கடுகெண்ணெய். தீவனத்தின் கருவாட்டுத்தூள் நாற்றத்தையும் மக்காச்சோளத் தூசியையும் தாண்டி, காய்ந்து புகைகிற கடுகெண்ணெய். நவநீதகிருஷ்ணன் நின்றார். இடப்பக்கம் திரும்பி மோந்தார். வலப்பக்கம் திரும்பி மோந்தார். வாட்ச்மேன் இவரையே பார்ப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை இல்லை, மனதுக்குள் பத்து மார்க் போட்டார். நீளமான நாலு பெஞ்சு. தலையிலும் புருவத்திலும் மாவு படிந்த ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு தின்றார்கள். அரைமணி நேரம்தான் இடைவேளை என்பதால் ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. இன்னும் பத்து மார்க். பெரிய அலுமினியக் குண்டாவிலிருந்து தண்ணீரும் சோறுமாக அள்ளி ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணியிடம் போய், லாரிக்காரர்களிடம் கற்ற இந்தியைத் திரட்டி, அக்கா இது என்ன என்ற பொருளில், "தீதி, யே க்யா ஹை?" என்றார்.

"சோறுங்க சாமி" என்றார் அந்த அம்மாள். "உக்காருங்க. வழியில நின்னா பசங்களுக்கு எடைஞ்சலுங்க."

தமிழ், அதுவும் நம்மூர்த் தமிழ், வந்து விழுந்ததில் அவருக்குச் சிறிது ஏமாற்றம். அஞ்சு மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனாலும் உட்கார்ந்தார். தட்டு வந்தது. முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வைத்துப் புளித்த சோறு. ஓரத்தில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு. உளுந்து வடகத்தைப் பொரித்துப் பூண்டோடும் பச்சை மிளகாயோடும் நுணுக்கிய ஒரு பொடிமாஸ் மாதிரி. ஒரு கீரை. மொறுமொறுவென்று நாலு கருவாடு. இது நம்ம பழைய சோறுதானே என்றது நாக்கு. இல்லை என்றது மூக்கு. இரண்டில் எது சரி என்று தெரியாமல் அவர் இரண்டாம் தட்டு வாங்கினார்.

"இதுல என்னங்க போட்டிருக்கறீங்க?"

"தண்ணிங்க."

"தண்ணிக்கு மேல?"

"சோறுங்க."

"அதில்லீங்கம்மா, என்னமோ ஒரு வாசம் வருதே. எலுமிச்சங்கா பிழிஞ்சாப்பல. ஆனா புளிப்பில்ல."

அந்த அம்மாள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "அது எலைங்க. எலுமிச்ச எல. கசக்கிப் போடுவோமுங்க. பொறகால செடி இருக்குது, வேணும்னா போய்ப் பாருங்க."

ஐம்பத்து மூன்று வயது மனிதர் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய், ஒரு இலையைப் பறித்து, கசக்கி, மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். திரும்பி வந்து ஜீரகத்தை வறுத்தா போடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள், வடகம் ஊரிலிருந்து வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர் மினதி. ஊர் ஒடிசாவில் பொலாங்கீர். வீட்டுக்காரர் இதே ஆலையில் மிக்சர் ஓட்டுகிறார். வடகத்தை மாமியார் ரயிலில் கொடுத்து அனுப்புகிறார். சாப்பாடு அறுபது ரூபாய். இரண்டாம் தட்டுக்குக் காசு கிடையாது. எல்லா நிபந்தனையும் ஒரே கொட்டகைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"கடைசி ஞாயித்துக்கெழம முப்பத்தெட்டுப் பேரு சாப்பட வாரோமுங்க" என்றார். "இதே சோறு, இதே கருவாடு. ஒண்ணையும் மாத்தப்படாது."

"பஸ்ஸுலயாங்க வாரீங்க?"

"காருலதானுங்க. ஒரு பதனோரு காரு வரும்."

"டாக்டருங்கெல்லாம் இருப்பாங்களா?"

"பல் டாக்டர் ஒருத்தர் இருக்கறாரு."

"பொம்பளைங்க, கொழந்தைங்க?"

"எல்லாரும்தான்."

மினதி கரண்டியைக் குண்டாவில் போட்டுவிட்டு ஆட்களை விரலில் எண்ணிப் பார்த்தார். பிறகு, "நீங்க கவலையே படாதீங்க சாமி. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதை நவநீதகிருஷ்ணன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நம்மூரில் பந்தல்காரர் சொன்னாலும் சரி, கொத்தனார் சொன்னாலும் சரி, "நான் பாத்துக்கறேன்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நாக்கில் இன்னும் கடுகெண்ணெய் இருந்தது.

அன்று இரவே கழகத்தின் வாட்ஸப் குழுவில், இடத்தைச் சொல்லாமல், "மகாநதிக் கரையின் மண்வாசனை. நூற்றுக்கு நூறு அசல். சந்தேகப் பிராணிகள் வரிசையில் முதலில் நிற்கலாம்" என்று அறிவித்தார். செந்தமிழன் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் போட்டார். அது எந்த வகைக் கட்டைவிரல் என்று தலைவர் இரண்டு நாள் யோசித்தார்.

ஐந்தாம் ஆண்டு நிறைவு ஞாயிற்றுக்கிழமை பதினோரு காரும் வரிசையாக ஆலைச் சுவரைத் திரும்பின. முன்காரில் இருந்த நவநீதகிருஷ்ணனுக்கு முதலில் இடம் தப்பிவிட்டதோ என்று தோன்றியது. கொட்டகைக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தது. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை மாட்டி, முதுகில் ரோஸ் கலரில் முடிச்சு. மேஜையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நடுவில் மினதி, மடிப்புக் கலையாத இளம்பிள்ளை ஊர்ப் பட்டுச்சேலையில், தட்டில் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, கலியாண ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டீங்களா?" என்றார் மைதிலி.

இலை போட்டார்கள். கேசரி வந்தது. வெஜிடபிள் பிரியாணி வந்தது. தயிர்ப் பச்சடி வந்தது. அதன்பின், செக்கச்செவேலென்று, எண்ணெய் மினுமினுக்க, கோபி மஞ்சூரியன் வந்தது.

நவநீதகிருஷ்ணன் இலையை விட்டு எழுந்து அடுப்படிக்கு ஓடினார். "ஏம்மா, என்னம்மா இது? கருவாடெங்க? அந்தச் சோறெங்க?"

"அதுங்களா? ஷிப்ட்டுப் பசங்களுக்குப் பொறகால போட்டாச்சுங்க."

"எங்களுக்கு அதத்தானம்மா கேட்டேன்!"

"ஏஞ்சாமி, ஊட்டுக்கு விருந்துக்கு வார ஒரம்பரைக்கு யாராச்சும் பழைய சோறு போடுவாங்களா?" மினதிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "எங்கூருல போட்டா, குடுத்த பொண்ணத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. உங்க மொகத்துக்காகச் சேந்தமங்கலத்துல இருந்து மாஸ்டரக் கூட்டியாந்தேனுங்க. நீங்க சொல்லுங்க, உங்க ஊட்டுக்கு நான் ஒரம்பரையா வந்தா, முந்தாநேத்துச் சோத்த எடுத்து வெப்பீங்களா?"

வைக்க மாட்டார். பிரியாணிதான் வாங்கி வரச் சொல்வார்.

அவர் சாமியானாவுக்குத் திரும்பியபோது செந்தமிழன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இலையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து, பிடுங்கிய பல்லைக் காட்டுவதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தலைவரே, ஒரு சின்ன சந்தேகமுங்க. இது மகாநதிக் கரையில வெளையறதுங்களா?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒடியாக்காரர்கள் விசேஷத்துக்குக் காலிபிளவர்தான் பொரிப்பார்கள் என்று அடித்துவிட்டிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். ஐந்து வருஷத்தில் அதைவிடப் பெரியதெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அடுப்படி வாசலில் மினதி கைகட்டி நின்று, வந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு புளுக அவருக்கு வரவில்லை.

"பெரியோர்களே," என்று தொடங்கினார். "இது அசல் இல்லீங்க. கோபி மஞ்சூரியன். மாஸ்டர் சேந்தமங்கலம். அந்தம்மா மேல தப்பில்ல, நம்மள மதிச்சுச் செஞ்சிருக்குது. தப்பு என்மேலதான். பேசினபடி நான் தலைவர் பொறுப்புல இருந்து..."

"செந்தமிழா, நீ மொதல்ல உக்காரு. எலைக்கு மேல கைய ஆட்டாத" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. கருப்பண்ணன், முட்டை வியாபாரி, கழகத்திலேயே மூத்தவர். "நவநீதா, நீயும் உக்காரு. அஞ்சு வருசமா இந்தக் கழகத்துல இருக்கறேன். ஒவ்வொரு கடேசி ஞாயித்துக்கெழமையும் ஊட்டுக்குப் போயி ரெண்டு கரண்டி தயிர்ச்சோறு தின்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இன்னிக்கித்தானப்பா வவுறு நெறஞ்சுது. ஏம்மா, அந்தச் செவப்புல இன்னொரு கரண்டி வையி."

"நாங்க வாரப்பவே மாவு கரைச்சு வெச்சுட்டுத்தாங்க வருவோம்" என்றது ஒரு பெண் குரல். "போயி தோசை ஊத்திக்குவோம்."

"நீங்களுமா?" என்றார் பக்கத்து இலைக்காரர்.

முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தாறு பேர் அப்படித்தான் என்று அஞ்சே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மீதி இரண்டு பேர் தலைவரும் மைதிலியும். மைதிலி பச்சடி ஊற்றிக்கொண்டிருந்தார். செந்தமிழன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். உட்கார்ந்தார். அவர் மனைவி ஏற்கனவே மாஸ்டரிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தார், பேத்திக்குக் காதுகுத்து வருகிறதாம்.

ஓட்டெடுப்பு கைதூக்கலில் நடந்தது. நவநீதகிருஷ்ணனை முன்மொழிந்தவர் கருப்பண்ணன். வழிமொழிந்தவர், மீசையில் சாஸ் ஒட்டியிருந்த பல் டாக்டர். எதிர்ப்பு இல்லை. கைதட்டல் பலமாக இருந்தது. சாமியானாக்காரரும் தட்டினார்.

தட்டி முடிப்பதற்குள் தலைவர் நழுவிக் கொட்டகைக்குப் பின்னால் போனார். ஷிப்ட்டு ஆட்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் வந்தது. ஓரமாகக் குந்தப் போனவரின் முழங்கையை மினதி பிடித்துக்கொண்டார்.

"இங்கெல்லாம் உக்காரப்படாதுங்க. தலைவருங்க நீங்க. முன்னால வாங்க, ஐஸ்கிரீம் குடுக்கறாங்க."

"ஒரே ஒரு வாயிம்மா."

"பாக்கறவங்க என்னைய என்ன நெனைப்பாங்க?" என்று அவரை நடத்திக் கொண்டுவந்து, ரோஸ் முடிச்சு போட்ட நாற்காலியில் உட்கார்த்தி, கையில் ஐஸ்கிரீம் கப்பையும் மரக்கரண்டியையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதற்குள் கழகத்தார் அடுத்த பொருளுக்குப் போயிருந்தார்கள்.

அடுத்த மாத ஆய்வுக்கு நாமக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பரோட்டாக் கடை ஒருமனதாகத் தேர்வாயிற்று.