வலிக்காத அடி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதைக்கு வித்து என் கற்பனை இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வி.

"கத்தி வெச்சது இடுப்புல. அடி பட்டது நெஞ்சுலயா? அதெப்படி டாக்டர்?"

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'வானம் இருண்டிருந்த அந்தக் காலையில், விதி தன் கொடிய கரங்களை…'

வேண்டாம். அன்று நல்ல வெயில். விதிக்குக் கை இருந்து நான் பார்த்ததில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஒரு புரதம் கூடியிருந்தது. இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம். நெஞ்சுவலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. மனிதர் காலைச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

2

(முதல் வரைவில் டாக்டரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்ற ஆசை. நிஜத்தில் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாகப் பேசினார்.)

"ஆபரேஷன் உடம்புக்குப் பெரிய பாரம் சார். நடுவுல இதயத்துக்கு ரத்தம் பத்தாம போயிருக்கலாம். வலி மருந்து ஓடிக்கிட்டிருந்ததால உங்களுக்குத் தெரியல."

"சத்தமே போடாம பழுதா? எங்க லிஃப்ட்டே நிக்கறதுக்கு முன்னாடி ஒரு முனகல் முனகுமே!"

டாக்டர் சிரித்தார். ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை, தினம் ஒன்று.

"இதைப் போட்டா பொழச்சுக்குவேனா?"

[இங்கே 'நிச்சயமா' என்று டாக்டர் சொல்வதாக எழுதி, அடித்துவிட்டேன்.]

"உங்களை மாதிரி அடிபட்டவங்கள்ல, இதைப் போட்டுக்கிட்டவங்க அதிக நாள் உயிரோட இருந்ததா சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா மாத்திரைதான் காப்பாத்துச்சா, இல்ல மாத்திரையை ஒழுங்கா போடறவங்க எல்லாத்துலயுமே ஒழுங்கா இருந்தாங்களா? பிரிச்சுச் சொல்றது கஷ்டம். இருந்தாலும் போடுங்கன்னுதான் சொல்வேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிழைப்பதே காரணங்களை வைத்துத்தான். 'அவன் மன்னிப்புக் கேட்டான், அதனால் அவள் திரும்பி வந்தாள்' என்று கூசாமல் எழுதுகிற ஆள். அந்த 'அதனால்' எங்கிருந்து வந்தது என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை.

3

வீட்டுக்கு வந்த பிறகு சித்தப்பாவுக்குத் தொடைகள் வலிக்க ஆரம்பித்தன. மாத்திரையால்தான் என்று அவரே முடிவுகட்டி நிறுத்திவிட்டார். என்னிடம் மட்டும் சொன்னார்.

"வலிக்காத நோய்க்கு வலிக்கிற மருந்து! உன் சித்திகிட்ட மூச்சு விடாதே."

"மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா?"

"போட்டேன்ம்பேன். எங்க போட்டேன்னு கேக்க மாட்டா."

(நான் வாயை மூடிக்கொண்டிருப்பதாக ஒரு பக்கம் எழுதினேன். கதைக்கு அது இன்னும் பொருத்தம். ஆனால்…)

சொல்லிவிட்டேன். சித்தி அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் சும்மா விடமாட்டார். அன்று கத்தவில்லை. சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"இத்தனை நாளா என்னைத் தூக்கி உக்கார வெச்சே உன் முதுகு போச்சு. இதையும் உன் தலையில கட்டணுமா?"

"என் முதுகை நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டறது?"

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் கொடுத்தார். வலி மெல்ல அடங்கியது. (மாத்திரை மாறியதாலா, நடந்து நடந்து தொடை தேறியதாலா? பாருங்கள், மறுபடியும்.)

4

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: மாத்திரையால் சித்தப்பா நெடுநாள் வாழ்கிறார்.

இன்னொன்று: சித்தியின் பிடுங்கலால் நெடுநாள் வாழ்கிறார்.

மூன்றாவது: மாத்திரையைத் தவறாமல் போட்டும், ஒரு காலையில் சித்தப்பா

இந்த வரைவைத் திருத்திக் கொடுத்தவர் சித்திதான். மூன்றாவதுக்கு வந்ததும் அவர் பேனா நின்றது.

"பிழை ஏதாவது இருக்கா சித்தி?"

"பிழையெல்லாம் இல்ல." பேனாவை மூடி வைத்தார். "ஆனா இதுக்கு மேல எழுதாதே."

எழுதவில்லை. எதை வைத்துக்கொள்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். ஆனால் கதைக்குச் சொந்தக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் விடலாமா? தாள்களைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்றையும் ஆவலாகப் படித்தார்.

"இதுல எது நடக்கும்?"

"தெரியல சித்தப்பா."

"எழுதற உனக்கே தெரியலையா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் இருந்துதான் பாக்கணும்."