மூத்த மகன் மேஜர்

கணேசமூர்த்தியையும் ஜெயந்தினியையும் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் “அந்த ரெண்டு பேரு” என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராவுக்கு மூன்றாவது ஆள் வரவேயில்லை. ஆகவே ராகலை பழனியாண்டி தன் வேட்டை நாய்களில் ஒன்றைத் தருவதாகச் சொன்னதும், கணேசமூர்த்தி ஆட்டோவைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனான், என்னவோ பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.

“பன்னி குத்தின காலு,” என்றார் பழனியாண்டி. “இன்னொரு தரம் காட்டுக்குப் போனா திரும்ப மாட்டான். வீட்டுல வச்சிக்க. எதையாச்சும் புடிச்சான்னா ‘போதும்டா’ன்னு சொல்லித் தலையத் தொடு. அதுவரைக்கும் விட மாட்டான்.”

“எங்க வீட்டுல புடிக்க என்னண்ணே இருக்கு? சளிதான்.”

மேஜர் என்ற அந்த நாயை லயம் முழுக்க, “மூத்த மகன். காதப் பாருங்க, அப்படியே என் காது,” என்று அறிமுகப்படுத்தினான். ஜெயந்தினி கொழுந்தெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மேஜர் அவள் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்குவான். கால் மரத்துப்போனாலும் அவள் அசைக்கமாட்டாள்.

ஒரு சாயங்காலம் காம்பராக்களின் முன்திண்ணையான இஸ்தோப்பில் பிள்ளைகள் துரத்தி விளையாடினார்கள். பக்கத்துக் காம்பரா வினோதாவின் மகள் நிதுஷா, நாலு வயது, கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினாள். மேஜர் பாய்ந்து அவள் கவுனைக் கவ்விக் கீழே சாய்த்தான். தோலில் பல் படவில்லை. பெண்கள் விளக்குமாற்றாலும் விறகாலும் அடித்தார்கள். எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு, கவ்வியதை விடாமல், ஆள் வரட்டும் என்று ரோட்டையே பார்த்தபடி நின்றான்.

கணேசமூர்த்தி ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். “போதும்டா!”

மேஜர் உடனே விட்டான். வாலை ஆட்டிக்கொண்டு தலையை நீட்டினான். எதிரே வினோதா பிள்ளையை அள்ளிக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் எப்படித் தொடுவது? கணேசமூர்த்தி கைகளைக் கட்டிக்கொண்டான். அன்று மேஜர் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கீறல் இல்லதாண்ணே,” என்றாள் வினோதா. “நாளைக்கு கழுத்தப் புடிச்சா?”

கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஓடும்போதெல்லாம் இழுத்து இழுத்து, கயிறு கழுத்தை அறுத்து ரத்தம் கசிந்தது.

“அவன் என்னங்க தப்பு பண்ணினான்?” என்று கேட்டாள் ஜெயந்தினி.

“ஒண்ணுமே பண்ணல. தப்புன்னா அடிச்சுத் திருத்தலாம்.”

“பழனியாண்டிண்ணேகிட்ட திருப்பி விட்டா பன்னி கிழிச்சிரும்.”

அவளே எழுந்து கயிற்றை அவிழ்த்தாள்.

“கொண்டுபோயிருங்க. புள்ள இல்லாதவளுக்குப் புள்ள அரும எங்க தெரியும்னு நாளைக்கு யாரும் கேக்க வேணாம்.”

ராகலையில் பழனியாண்டி கயிற்றை வாங்கிக்கொண்டார். “மத்த நாய்க வேட்டைக்குக் கெளம்புறப்போ இவனும் கயித்த அத்துக்கிட்டு வருவான்டா.”

“தெரியும்ணே.”

ஏதாவது பகிடி சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தான். வேறேதோ வரும்போலிருந்தது. மூடிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது நிதுஷா இஸ்தோப்பில் காத்திருந்தாள்.

“மாமா, மேஜர் எங்க? இன்னொருக்கா என்னயப் புடிக்கச் சொல்லுங்க!”

பதிலுக்கு நிற்காமல் கீச்சென்று கத்தியபடி ஓடினாள். ஓடும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜெயந்தினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துரத்த யாரும் வராததால், கடைசிக் காம்பரா வாசலில் பிள்ளை தானாகவே நின்றது.