ஒரு வாசல் கூலி

லிஃப்ட் பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது. நாலாவது மாடிக்கு யார் ஏறி வந்தாலும் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார் டீச்சர். வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதால் கட்டடம் முழுவதற்கும் அவர் டீச்சர்தான். அன்று காலை, படிக்கட்டில் நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டதும் தண்ணீரோடு போய்க் கதவைத் திறந்தார்.

பார்சல்காரர் இரண்டு தோளிலும் பைகளோடு நின்றார். தலை பாதி நரைத்தவர். பைகளை இறக்கியதும் நடை முழுவதும் பெட்டிகள் பரவின. மடக்கு மேசை, சலவைத் தூள், இரண்டாம் மாடி நாய்க்கு ஒரு மூட்டைத் தீனி. டீச்சர் வாங்கியது ஒரு பேனாப் பெட்டி மட்டும்.

காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்துச் சோபாவில் படுத்திருந்த கணவர் எழுந்து வந்தார். "நம்ம வீடு எப்போ கிடங்கா மாறிச்சு?"

"நீங்க ஆபீஸ் போனதுக்கு அப்புறம் இங்க நடக்கிறது உங்களுக்கு எங்க தெரியும்?" என்றார் டீச்சர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "பாவம், பகல்ல யாருமே வீட்ல இருக்கிறதில்ல. ஒரு பெட்டிக்கு மூணு தடவை அலைவார். எல்லாரும் நம்ம கதவு நம்பரைக் குடுத்து வாங்குங்கன்னு கட்டட வாட்ஸப் குழுவுல நான்தான் எழுதினேன். இவர் ஒரே இடத்துல இறக்கிட்டுப் போயிடலாம். சாயங்காலம் அவங்கவங்க வந்து எடுத்துப்பாங்க."

கணவர் பார்சல்காரரின் சட்டைப்பையில் இருந்த முத்திரையைப் பார்த்தார். அதே முத்திரை பதித்த கணவருடைய அலுவலக அட்டை கதவோர ஆணியில் தொங்கியது. அந்த நிறுவனத்தின் கூலி நிர்ணயப் பிரிவில்தான் அவருக்கு வேலை.

"இப்போ சுலபமா இருக்கில்லண்ணே?" என்றார் டீச்சர்.

"இருக்குங்க டீச்சரம்மா."

"முன்னெல்லாம் அந்த நாய்கிட்ட 'இந்தாடா உன் சம்பளம்'னு கிண்டல் பண்ணிக்கிட்டே போவீங்க. இப்போ பேச்சையே காணோம்."

"அதுக்குத் தவறாம வருதும்மா." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நாளையிலேருந்து வேற ஆள் வருவார். இந்த ரூட்டை என்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. டெலிவரி எண்ணிக்கை குறைஞ்சுபோச்சாம்."

"இவ்ளோ சுமக்கிறீங்க. அது எப்படிக் குறையும்?"

பார்சல்காரர் தண்ணீரைக் குடித்து முடித்தார். சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"உங்களைக் குறை சொல்லலம்மா. எங்களுக்குக் கூலி வாசலுக்கு. ஒரு வாசல்ல பத்துப் பெட்டி இறக்கினாலும் ஒண்ணுதான். இந்தக் கட்டடமே இப்போ ஒரே வாசல்."

டீச்சருக்கு முகம் வெளுத்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வாங்குறவங்ககிட்ட கூலிப் பேச்சு பேசினா புகார் ஆயிடும். அதோட நீங்க தண்ணியும் கையுமா நிக்கிறீங்க. எந்த வாயால சொல்ல?" காலிப் பைகளை மடித்தார். "அடுத்த ரூட் கிடைக்கிற வரைக்கும் நான் வீட்ல உக்காரலாம். வண்டித் தவணை உக்காருமா? இந்த ரூலைப் போட்ட மகராசனுக்குத் தரையோட தரையா வீடு இருக்கும்போல. படின்னா என்னன்னே தெரியல."

கணவரின் கை ஆணியில் தொங்கிய அட்டையை மெல்லப் பின்பக்கமாகத் திருப்பியது. பார்சல்காரர் அதைக் கவனிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

டீச்சர் கவனித்தார். "ஏன் திருப்பினீங்க?"

"அந்த மகராசன் நான்தான்."

டீச்சர் அட்டையை மறுபடி முன்பக்கமாகத் திருப்பினார்.

"ஒரே வாசல்னா ஒரே வேலைதானேன்னு எழுதிக் குடுத்தேன். செலவு மிச்சம்னு எல்லாரும் கை தட்டினாங்க. தாள்ல படிக்கட்டு தெரியலடி."

கணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே ஓடினார். பார்சல்காரர் இரண்டாம் மாடி வளைவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மூடிய கதவுக்குப் பின்னால் நாய் வாலால் தட்டும் சத்தம் கேட்டது.

"அந்த ரூலை எழுதினது நான்தாங்க," என்றார் கணவர்.

பார்சல்காரர் அட்டையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாலாவது மாடியில இருந்துக்கிட்டா சார் எழுதினீங்க?"

கணவர் தலையை மட்டும் அசைத்தார். ரூட்டைத் திரும்ப வாங்கித் தருவதாகவும், விதியை மாற்றச் சொல்லி எழுதுவதாகவும் பிறகு தட்டுத்தடுமாறிச் சொன்னார். "பாருங்க சார்," என்று எழுந்து போனார் பார்சல்காரர். அதில் நம்பிக்கையும் இல்லை, ஏளனமும் இல்லை.

கணவர் மேலே வந்தபோது டீச்சர் கட்டடக் குழுவில் எழுதி முடித்திருந்தார். இனி அவரவர் கதவு நம்பரையே கொடுங்கள், இத்தனை நாள் நான் செய்தது உதவி இல்லை என்று.

கணவர் நாய்த் தீனி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். மூன்றாம் மாடியிலேயே இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். பின்னால் சலவைத் தூள் பெட்டியோடு வந்த டீச்சர் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"நீங்க அவர் கூலியைக் குறைச்சீங்க. நான் தெரியாம மிச்சத்தையும் பிடுங்கிக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன். அதுக்கே என்னை நல்லவள்னு நினைச்சுக்கிட்டேன்," என்றார். "உழைக்கிறவங்களுக்கு நம்ம இரக்கம் எதுக்குங்க? ஏறின படிக்குக் கூலி குடுத்தா போதும்."