காக்கிச் சட்டையில் இருப்பது யார்

தாத்தா ராமையா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்று சொல்லித்தான் காஞ்சனாவை வளர்த்தார்கள். மலேசியாவின் பீடோங்கில் பெரியப்பா சின்னையாவின் வீட்டு முன்னறையில் அதற்குச் சாட்சியாக ஒரு படம் தொங்கியது. காக்கிச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, சாய்த்து வைத்த தொப்பி. வெளுத்துப்போன முகத்தில் கண்கள் மட்டும் இன்னும் தெளிவாக இருந்தன.

எஸ்டேட் கோயில் மண்டபத்தில், படைக்குப் போனவர்களின் படங்களை மாட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் காஞ்சனா தாத்தாவின் பெயரைக் கொடுத்தாள். கோயில் செயலாளர் பரஞ்சோதி தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. ஜப்பான்காரன் காலத்துல உங்க தாத்தா எங்கயும் போகலன்னு எங்கப்பா சொல்வாரு. ரெண்டு பேரும் இங்கதான் மரவள்ளி நட்டுக்கிட்டு இருந்தாங்களாம்."

காஞ்சனாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தாத்தா போகவில்லை என்றால் அந்தச் சட்டை யாருடையது? செத்தவன் உடம்பிலிருந்து கழற்றியதா? ஜப்பான்காரனுக்காக ஆட்களைப் பிடித்துச் சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பியவர்களோடு சுற்றித் திரிந்தாரா? பெரியப்பாவிடம் கேட்டால், "செத்தவங்கள ஏன் கிண்டுற? போய் வேலையப் பாருலா" என்று எரிந்து விழுந்தார். மறுவாரம் போனபோது சுவரில் படம் இல்லை. பெயிண்ட் அடிக்கக் கழற்றினாராம். வீட்டில் பெயிண்ட் வாசனையே இல்லை.

நல்லவேளை, அவள் முன்பே அதைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தாள். பூர்வீகம் தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், 'என் தாத்தா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதிப் போட்டாள். செர்டாங்கிலிருந்து யோகேஸ்வரி என்பவர் தனியாகக் கேட்டார்: 'இந்தப் படம் உனக்கு எப்படிக் கிடைத்தது?' அவள் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்டாள். வீட்டு முகவரி மட்டும் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனாள். எழுபது தாண்டிய ஓர் அம்மாள் கம்பிக் கதவைத் திறக்காமலே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு அனுப்புனா உன்ன? சின்னையாவா?"

பெரியப்பாவின் பெயர் இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

"யாரும் அனுப்பல ஆன்ட்டி. எங்க தாத்தாவப் பத்தி..."

"தாத்தாவாம்! உள்ள வா."

கூடத்துச் சுவரில் நரைத்த கொண்டையும் பெரிய பொட்டுமாக ஒரு கிழவியின் படம். அதே கண்கள்.

"எங்கம்மா, பாப்பம்மா. உங்க தாத்தாவோட தங்கச்சி. சின்னையா பேரு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ போட்ட படம் இவங்கதான். இந்திய தேசிய ராணுவத்துல பொம்பளைங்களுக்குன்னு இருந்த ஜான்சி ராணி படையில சேர்ந்தப்ப எடுத்து வீட்டுக்கு அனுப்புனது."

"அவங்க ஜப்பான்காரன் காலத்துலயே காய்ச்சல்ல செத்துட்டதாத்தான் வீட்டுல சொல்வாங்க."

"காய்ச்சலா? பர்மா வரைக்கும் துப்பாக்கியோட போய்ட்டு வந்தவங்க. ஆம்பளைங்க இருந்த எடத்துல கெடந்தவன்னு அவங்கப்பா படியேத்தல. அண்ணன்காரரு உள்ள நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாராம், வாயத் தெறக்கல. இங்க வந்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிப் பொழைச்சாங்க."

அந்த அம்மாள் கதை கட்டுகிறாரோ என்று காஞ்சனா இன்னும் தயங்கினாள். யோகேஸ்வரி அதைக் கண்டுகொண்டார். அலமாரியிலிருந்து வேறொரு படத்தை எடுத்து அவள் மடியில் போட்டார். அதே தொப்பி, அதே முகம். இரண்டு பக்கமும் அதே உடுப்பில் இரண்டு பெண்கள், தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு.

காஞ்சனா நேராகப் பீடோங்குக்குத் திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்ட பெரியப்பா, படம் தொங்கிய வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே சாடை. அப்பா அந்தப் படத்த மாட்டுனதும், வந்தவங்க எல்லாம் அவருதான்னு நெனச்சாங்க. மொதல்ல அவரு ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அப்புறம் ஆமான்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாரு."

"அவங்க உயிரோட இருந்தது உங்களுக்குத் தெரியுமா பெரியப்பா?"

"அப்பா சாகும்போது சொன்னாரு. அப்புறம் செர்டாங் பசார்ல அத்தைய ஒரு தடவ பார்த்தேன். மீன் கடை வரைக்கும் பின்னாடியே நடந்தேன். கூப்பிடல."

"ஏன்?"

"கூப்பிட்டா அப்பா பொய்யருன்னு ஆயிடும்ல?"

கோயிலில் தாத்தாவின் பெயருக்குப் பதிலாகக் காஞ்சனா பாப்பம்மாவின் பெயரைக் கொடுத்தாள். மாட்டும் நாளன்று யோகேஸ்வரி வந்தார். சின்னையா படத்தைத் துணியில் சுற்றி, தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார். யோகேஸ்வரி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எங்கம்மாவ நானே மாட்டிக்கிறேன். வேற ஏதாச்சும் மறைச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

யோகேஸ்வரி நம்பியதாகத் தெரியவில்லை. காஞ்சனாவுக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. அன்னதானத்தின்போது மூவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்தார்கள். சின்னையா ரசத்தை யோகேஸ்வரியின் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் அதைத் தொடாமல் மோர் கேட்டார்.