யமே சொல்லும் வரை

பிரவுன் பெல்ட்டுக்கு வருகிறவர் வகுப்பைத் தன் குரலால் நடத்திக் காட்ட வேண்டும். எண்பத்தைந்தாம் ஆண்டு மாத்தளைக் கடைவீதி மேல்மாடியில் நடந்த கராத்தே வகுப்பின் ஒழுங்கு அது. சந்திரகாந்தாவுக்குக் கை வரும், கால் வரும், குரல்தான் வராது. போன வருடம் அதனாலேயே தோற்றாள். கண்டியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் இம்முறை முதலிலேயே சொல்லிவிட்டார். இன்றும் வாய் திறக்காவிட்டால் இனி அவளைப் பரீட்சைக்கு எடுக்க மாட்டார்.

"மாடு மாதிரி கத்து தங்கச்சி," என்றார் வகுப்பை நடத்தும் லாபிர். "இங்க ஒருத்தரும் ஒன்னப் பொண்ணு பார்க்க வரல்ல."

"முன்வரிசையில யாரு நிக்கிறாங்கன்னு பாருங்க லாபிர் நானா."

விஜேசிறி நின்றான். ஞாயிறு காலையில் வெள்ளை உடுப்பு, மற்ற நாட்களில் காக்கி. எஸ்டேட் பஸ்ஸை மறித்து ஏறுகிற பொலிஸ்காரன். புடவைக்கடை வேலைக்கு வரும் அவள் அவனிடம் அடையாள அட்டையை நீட்டி, தெரிந்த சிங்களத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு பஸ்ஸில் தமிழ் பேசும்போதும் குரலை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தாள். கிழமை முழுக்க அடங்கிக் கிடந்த குரல் ஞாயிறு மட்டும் எப்படி எழும்பும்?

இங்கே கட்டளையெல்லாம் ஜப்பான் மொழி. யோய் என்றால் தயாராகு. ஹஜிமே, தொடங்கு. யமே, நிறுத்து. அந்தச் சொற்கள் லாபிர் வீட்டிலும் இல்லை, விஜேசிறி வீட்டிலும் இல்லை, அவளுடைய தோட்டத்து லயத்திலும் இல்லை. யார் வாயில் வந்தாலும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

"யோய்," என்றாள். வகுப்பே நிமிர்ந்தது. அவளுக்கே திக்கென்றது.

"கிபா தாச்சி." குதிரைமேல் அமர்வதுபோல் எல்லோரும் கால்களை அகட்டித் தாழ்ந்தார்கள்.

"ஹஜிமே. இச், நி, சன்..."

குரல் மெலிந்துதான் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை முஷ்டிகளும் ஒன்றாகப் பாய்ந்தன, பலகைத்தளம் அதிர்ந்தது. எண்ணி முடித்து யமே சொல்ல வாயெடுத்தபோது கீழே பொலிஸ் ஜீப் வந்து நின்றது. சொல் வெளியே வரவில்லை.

"விஜேசிறி, இறங்கி வா," என்று சிங்களத்தில் கூப்பிட்டார்கள்.

அவன் எழும்பவில்லை. யமே வரும்வரை யாரும் அசையக் கூடாது. ஹாரன் அடித்தது. மறுபடியும், நீளமாக. அவன் தொடைகள் நடுங்கின. தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. கண்கள் நேரே சுவரில். லாபிர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்று வகுப்பு அவளுடையது.

சந்திரகாந்தா அவனையே பார்த்தாள். கீழே கூப்பிடுவது அவனுடைய மேலதிகாரி. மேலே அவனைப் பிடித்து வைத்திருப்பது அவள் இன்னும் சொல்லாத ஒரு சொல். தன் வாய்க்குள் இருக்கும் ஒன்றுக்கு இவ்வளவு பாரமா? இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அதுவே அவளைப் பயமுறுத்தியது.

"யமே."

அடிவயிற்றிலிருந்து வந்தது. கூரைத் தகரம் வரை போய் மோதியது. கீழே ஹாரன்கூட நின்றுவிட்டது.

விஜேசிறி மெல்ல நிமிர்ந்தான். அவளை நோக்கிக் குனிந்து, கராத்தே வணக்கமாக, "ஒஸ்," என்றான். தொடையைப் பிடித்தபடி வெள்ளை உடுப்போடு படியிறங்கிப் போனான்.

"அல்லாஹ்வே, என்ட ரெண்டு காலும் போச்சு," என்று பின்வரிசையில் முனகினார் அப்துல் ஸமத்.

"எண்ணி முடிஞ்ச பிறகும் ஏன் பிடிச்சு வச்சீங்க?" என்று பரீட்சகர் கேட்டார்.

"பயத்துல வாய் வரல சென்செய்."

அவர் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரவுன் பெல்ட் கட்டின பிறகு இப்படிச் செய்யாதீங்க. ஆக்கள் செத்துப் போவாங்க. சரி, மிச்சத்தையும் நடத்துங்க."

அவள் வகுப்பின் பக்கம் திரும்பினாள். விஜேசிறி நின்ற இடத்தை யாரும் நெருங்கி அடைத்திருக்கவில்லை. அவள் அவசரப்படவில்லை. சொல்லுக்கு முன் கொஞ்சம் மௌனம் விட்டாள். அந்த மௌனத்துக்குள் எல்லோரும் மூச்சை அடக்கி நின்றார்கள்.