விளைந்த இடம்

ஊறவைத்துக் கிண்ண மூடியில் கவிழ்த்த இலையைப் பார்த்ததுமே சாம்பிள் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல தேயிலை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறி வெளியே வந்தால் புதுச் செப்புக்காசு மாதிரி மினுங்கும். இது மழையில் நனைந்த செருப்பின் நிறத்தில் சோர்ந்து கிடந்தது. சாயத்தில் ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் தொட்டியில் துப்பினாள். கப்பல் வாடை. மாதக்கணக்கில் இரும்புப் பெட்டிக்குள் பயணப்பட்ட இலைக்கே உரிய அந்த ஈரக் காகித ருசி. ருசி பார்க்கும் அறையில் பத்தொன்பது வருஷமாகக் கிண்ணம் அடுக்குகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ருசி பார்ப்பது அவள் வேலை இல்லை என்பது வேறு விஷயம். இலையை நிறுப்பது, வெந்நீர் ஊற்றுவது, கழுவுவது, மாதிரி டப்பாவில் சீட்டு வைத்து அரக்கு ஒட்டுவது, இவ்வளவுதான் அவளுக்கு; அதனால்தான் சாம்பிள் அக்கா. ருசி பார்ப்பதற்கென்று டைரக்டர் இருந்தார்.

டைரக்டருக்கு 'தேயிலைச் செம்மல்' என்று ஒரு பட்டம். கொடுத்தது ஏற்றுமதியாளர் சங்கம். சங்கத்தின் தலைவரும் அவரே. தன் நாக்கை இன்சூர் செய்து, அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, குடும்பப் படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருந்தார். ஒரே உறிஞ்சலில் எந்த மலை, எந்தச் சரிவு, வெயில் பக்கமா நிழல் பக்கமா என்று சொல்லிவிடுவார் என கம்பெனிப் புத்தகத்தில் வண்ணத்தில் அச்சாகியிருந்தது. டீ குடித்தால் அவருக்கு நெஞ்செரியும் என்பது மட்டும் அதில் இல்லை. துப்பிவிடுகிற தொழிலாக அமைந்ததால் மனிதர் பிழைத்தார்.

ஜன்னலுக்குக் கீழே கிடங்கில் வேலை மும்முரமாக நடந்தது. வேற்று நாட்டு எழுத்து அச்சடித்த மூட்டைகளைக் கிழித்துக் கொட்டி, அள்ளிப் புது மூட்டைகளில் நிரப்பினார்கள். இறக்குமதி செய்த இலையைக் கலந்து அனுப்பினால் 'கலந்தது' என்று எழுத வேண்டும் என்பது சட்டம். கம்பெனி எதையும் கலக்கவில்லை. வந்ததை வந்தபடியே அனுப்பியது. ஆகவே எழுதவும் இல்லை. அவ்வளவு நேர்மை.

புது மூட்டையில் ஒரு மலைப் படம் இருந்தது. அந்த மலை அவளுக்குத் தெரியும். படம் எடுக்க வந்தவனுக்கு அவள் தம்பிதான் அரை நாள் குடை பிடித்தான். படத்தின் இடது கீழ் மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை தெரியும். அது தம்பி தன் தோட்டத்து இலையை நிறுக்கிற கொட்டகை.

இடுப்பில் போன் அதிர்ந்தது. தம்பிதான்.

"அக்கா, இன்னைக்கும் லாரியத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"யாரு, நம்ம கம்பெனி ஃபேக்டரியா?"

"வேற யாரு? தரம் இல்லையாம். 'ஏற்றுமதிக்கு லாயக்கில்லை'ன்னு சீட்டு குடுத்திருக்கான். மூணு வாரமாச்சு. பறிச்ச இலை சாக்குக்குள்ளயே அவியுது, கை வெச்சா சுடுது. நீ அங்கதான இருக்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் கிண்ணம் கழுவறவடா."

"பத்தொன்பது வருஷமாவா?"

அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள். அவனே தொடர்ந்தான். "இந்த வாரமும் எடுக்கலன்னா செடியப் புடுங்கிப் போட்டுட்டு அங்க வந்துடறேன். உங்க கம்பெனில மூட்டை தூக்க ஆள் எடுப்பாங்களான்னு மட்டும் கேட்டு வை."

போனை வைத்தபின்னும் அந்தக் குரலின் சூடு காதில் இருந்தது. லாயக்கில்லையாம். செருப்பு நிற இலைக்கு லாயக்கு உண்டு. அதன் மேல் ஒட்ட அவன் மலைக்கு லாயக்கு உண்டு. அவனுக்கு மட்டும் கிடையாது.

மேனேஜர் வேகமாக வந்தார். கழுத்தில் புது டை, கையில் கார்பன் வைத்த மூன்று சீட்டு.

"அக்கா, வாங்கற பார்ட்டி வந்தாச்சு. 'விளைந்த இடம்'கற எடத்துல வழக்கம்போல நம்ம மலைப் பேர எழுதிடுங்க."

இதற்கு முன் இரண்டு தடவை எழுதியிருந்தாள். கை தானாக எழுதியது. கேள்வி கேட்கத் தோன்றவில்லை. இன்று தோன்றியது.

"இது நம்ம இலை இல்லையே சார்."

"அக்கா, இன்னைக்கு உலகமே ஒரு கிராமம் ஆயிடுச்சு."

"அப்ப அந்தக் கிராமத்துப் பேர எழுதிடவா?"

"விளையாடாதீங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"வாங்கறவருக்குமா?"

"தெரியாமயா இவ்ளோ கம்மி வெலைக்குக் கேக்கறாரு?"

"அப்புறம் யாருக்கு சார் இந்தச் சீட்டு?"

மேனேஜர் யோசித்தார். "ஃபைலுக்கு."

"நாளைக்கு எங்கயாவது மாட்டினா?"

"கையெழுத்து யாருதோ அவங்களக் கேப்பாங்க," என்றார், மழை வந்தால் நனையும் என்பதைப் போல. பிறகு குரலைத் தணித்து, "இன்னும் ஒரு வருஷம் போனா உங்களுக்கு இருபது. இருபது முடிச்சாதான் பென்ஷன். எதுக்கு வம்பு?" என்றார்.

அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். கூடவே வாங்க வந்தவர், தேயிலைத் துறை அதிகாரி, போட்டோக்காரர். டைரக்டர் கரண்டியை வாயருகே கொண்டுபோய், அடைப்பெடுத்த குழாய் மாதிரி ஒரு சத்தத்துடன் உறிஞ்சினார். கண்களை மூடினார். அறையே மூச்சைப் பிடித்தது.

"கிழக்குச் சரிவு," என்றார். "பனி விலகற நேரம். அப்பக் கிள்ளின இலை இது."

வாங்க வந்தவரும் உறிஞ்சித் துப்பினார். கப்பல் வாடையை நன்றாக அறிந்தவரின் அமைதி அவர் முகத்தில் இருந்தது. "அருமை" என்று தலையாட்டினார். அதிகாரி துப்பக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டார்.

சாம்பிள் அக்கா சீட்டுகளை மேஜை ஓரத்தில் வைத்தாள். கிழக்குச் சரிவு. இந்நேரம் அந்தக் கிழக்குச் சரிவில் சாக்குச் சாக்காக இலை அவிந்துகொண்டிருக்கிறது. பேனா ஒரு கணம் நின்றது. பிறகு 'விளைந்த இடம்' என்பதற்கு எதிரே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதினாள்: கப்பல். மூன்றிலும் அதையே எழுதி, கீழே முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். மடித்தாள். டப்பாவுக்கு ஒன்றாக இலையோடு போட்டு மூடி, நாடா சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, கம்பெனி முத்திரையை அழுத்தினாள். போட்டோக்காரர் மூன்றையும் படம் பிடித்தார். கைதட்டினார்கள். ஒரு டப்பா வாங்க வந்தவரின் பைக்குள் போனது, ஒன்று அதிகாரியின் கைக்கு, ஒன்று அலமாரிக்கு. இனி அரக்கை உடைத்தால் மொத்தச் சரக்கும் நிற்கும், அதுதான் விதி. கப்பல் புறப்படுவது அன்று மாலை.

சீட்டின் கார்பன் பிரதியை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"ஃபைலுக்கு சார்."

வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். கை டைக்குப் போனது.

"அக்கா... என்ன இது?"

"விளைஞ்ச எடம்."

"அய்யோ, மூணுலயும் இதேவா?"

"வேணும்னா உடைச்சுடுங்க சார். எல்லாரும் இருக்கும்போதே."

மேனேஜர் வாங்க வந்தவரின் பையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், மண்ணின் மணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்த டைரக்டரைப் பார்த்தார். பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அவள் இடுப்பில் போன் மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவும் தொட்டியில் போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கீழே மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. தோளில் புரட்டிப் போடும்போது மூட்டையில் இருந்த மலை தலைகீழானது. தகரக் கொட்டகை மேலே, வானம் கீழே. ஒன்றன்பின் ஒன்றாக லாரிக்குள் போயின.